‘ஸ்பா’ பலகையை இறக்க என்ன காரணம் எழுத வேண்டும்?

கடலோரத்தான்

வணக்கம். திருகோணமலை நகருக்குச் சற்று வெளியே, கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வளவின் உரிமையாளர் குடும்பம் வெளிநாட்டில் இருக்கிறது. மாரி முடிந்ததும் வீட்டை யாருக்கோ குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். பங்குனியில் மதில் உயர்ந்தது. சித்திரையில் ஊதா விளக்கும் ‘ஸ்பா’ என்ற பலகையும் வந்தன. வைகாசியில் சீசன் தொடங்கியதிலிருந்து இரவு ஒரு மணி வரை ஆட்டோக்கள் வந்து போகின்றன. காலையில் மதிலோரம் போத்தல் பொறுக்குவது என் வேலையாகிவிட்டது.

ஒழுங்கையில் 41 பேரிடம் கையொப்பம் வாங்கி உள்ளூராட்சிச் சபைக்கு மனுக் கொடுத்தோம். எழுதியவன் நான்தான். “கோணேசர் வீற்றிருக்கும் மண்ணின் புனிதத்துக்கும் எம் பண்பாட்டுக்கும் இழுக்கு” என்று தொடங்கி இரண்டு பக்கம். ஆறு வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்திருக்கிறது: மனுவில் அனுமதியை இரத்துச் செய்யப் போதிய காரணம் எதுவும் காட்டப்படவில்லையாம்.

நாற்பத்தொரு குடும்பத்தின் வயிற்றெரிச்சல் காரணம் இல்லையென்றால் வேறு எதுதான் காரணம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மான்குட்டி

அண்ணே, நகரத்து வீதிகளில் படுத்துக் கிடக்கும் எங்கள் இனத்தாரிடமும் ஒரு கையொப்பம் வாங்கியிருக்கலாம். 42 ஆகியிருக்கும். பதில் அப்போதும் இரண்டு வரிதான்.

பழைய எழுதுவினைஞர்

தம்பி கடலோரத்தான், கிழக்கில் ஓர் உள்ளூராட்சிக் கந்தோரில் இருபத்தாறு வருடம் வருமானப் பகுதியில் இருந்தவன் நான். உங்கள் மனுவைப் போல ஒரு கட்டு மனுவை நானே கோப்பில் போட்டு மூடியிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே சுவரில் தொங்குவது அனுமதிப்பத்திரமா, பற்றுச்சீட்டா? சபை எல்லாத் தொழிலுக்கும் அனுமதி கொடுப்பதில்லை. உணவகம், பேக்கரி, தங்குவிடுதி, சலூன் போன்றவற்றுக்குத் துணைவிதி இருக்கும். அந்தத் துணைவிதியில் நிபந்தனை இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போய்ப் பார்த்து அறிக்கை தருவார், அதன் பேரில் அனுமதி போகும். அது வருட முடிவில் காலாவதியாகும், அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டும். வேறு பல தொழில்களுக்குச் சபை அறவிடுவது வரி மட்டுமே. வரி கட்டினால் பற்றுச்சீட்டு கிடைக்கும். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் பார்ப்பவனுக்கு அது அனுமதிப்பத்திரமாகத் தெரியும். என் காலத்திலேயே இந்த வித்தை இருந்தது.

பற்றுச்சீட்டை யாராலும் ‘இரத்து’ச் செய்ய முடியாது. ‘அனுமதியை இரத்துச் செய்க’ என்று நீங்கள் கேட்டபோது, கொடுக்காத ஒன்றைத் திருப்பி வாங்கச் சொன்னீர்களோ என்னவோ.

கடலோரத்தான்

ஐயா, இன்று மாலையே போனேன். வாசலில் நின்ற பையன் உள்ளே விடவில்லை, ஆனால் வரவேற்பு மேசைக்குப் பின்னால் சட்டம் போட்டு இரண்டு தாள் தொங்குவது கண்ணாடிக் கதவினூடே தெரிந்தது. ஒன்று வியாபாரப் பெயர்ப் பதிவு. ‘அழகுக்கலை நிலையம்’ என்று போட்டிருக்கிறது. மற்றது நீங்கள் சொன்னதேதான், வரிப் பற்றுச்சீட்டு.

நாற்பத்தொரு பேரும் ஒரு பற்றுச்சீட்டை எதிர்த்துக் கையொப்பம் வைத்திருக்கிறோம்.

கோணமலை

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ஒழுங்கை இளைஞர்கள் பத்துப்பேர் ஓர் இரவு போனால் பலகை தானாக இறங்கும்.

கறுப்புக்கோட்டு

கோணமலை, பத்துப்பேரும் மறுநாள் நீதவான் முன்னால் நிற்பார்கள். அவர்களுக்காகவும் நான்தான் வர வேண்டும், அதுவும் காசு வாங்காமல். தயவுசெய்து வேண்டாம்.

விடயத்துக்கு வருகிறேன். இலங்கையில் ‘வயது வந்தோர் கேளிக்கை நிலையம்’ என்று ஓர் அனுமதிப் பிரிவே கிடையாது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இந்தத் தொழிலுக்குத் தனி அனுமதி உண்டு. அதனால் அதை எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம், எதற்காகப் பறிக்கலாம் என்று சட்டப் பட்டியலும் உண்டு. நம்மிடம் இருப்பவை குற்றவியல் சட்டங்கள். 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், 1889 ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம். இரண்டும் வெள்ளைக்காரன் எழுதியவை. இரண்டாவதில் முதல் தடவைக்கான தண்டப்பணத்தின் உச்சம் 500 ரூபாய். அன்றைக்கு அது பெருந்தொகை. இன்றைக்கு நல்ல மீன் ஒன்று வாங்கக் காணாது. ஆறு மாதம் வரை சிறை என்பதுதான் அதில் இன்னும் பல் உள்ள பகுதி.

அந்தச் சட்டத்தில் உங்களுக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது, கடலோரத்தான். நடத்துபவர் மட்டுமல்ல, தெரிந்துகொண்டே வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளரும் குற்றவாளி. ‘தெரிந்துகொண்டே’ என்ற சொல் முக்கியம். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் அயலவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போனால் அதன் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது.

ஆனால் அவதானம். உள்ளே விபசாரம் நடக்கிறது என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? ஊதா விளக்கு சான்றன்று. கடிதத்தில் கண்டதை எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள். ஊகம் அவதூறு வழக்காகத் திரும்பும்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

லண்டனிலிருந்து எழுதுகிறேன், பிறந்தது உவர்மலை. இந்த விடயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நாங்கள் வாடகைக்கு இருந்த வீதியில் ஒரு மதுச்சாலை ஆடை களையும் நடன விடுதியாக மாற விண்ணப்பித்தது. கதவில் அறிவித்தல் ஒட்டினார்கள். இங்கே சட்டப்படி 21 நாள் அது கட்டடத்தில் இருக்க வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையிலும் வர வேண்டும். ஆட்சேபிக்க 28 நாள். நான் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன், ஏறக்குறைய உங்கள் மனுவைப் போலவே. கோணேசர் மட்டும் இல்லை.

சபை ஊழியர் ஒரு பெண், பண்பாகத் தொலைபேசியில் பேசினார். “உங்கள் முதல் இரண்டு பக்கத்தையும் குழு கணக்கில் எடுக்காது. ஒழுக்கம் பற்றிய ஆட்சேபனையை நாங்கள் பார்ப்பதில்லை. மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தி நன்றாக இருக்கிறது, அதை விரித்து எழுதுங்கள்” என்றார். அந்தக் கடைசிப் பத்தியில் நான் போகிறபோக்கில் எழுதியிருந்தது, எதிரே ஆரம்பப் பாடசாலை இருக்கிறது, பின்னேர வகுப்பு முடிந்து பிள்ளைகள் அந்த வாசலால்தான் பஸ் எடுக்கப் போகிறார்கள் என்பது.

இங்கே உள்ள சட்டம் 1982 இல் வந்தது. முதலில் பாலியல் கடைகளுக்கும் திரையரங்குகளுக்கும் மட்டுமே. நடன விடுதிகளை 2009 இல்தான் சேர்த்தார்கள். மறுப்புக்கான காரணங்கள் இரண்டு வகை. சிலவற்றில் சபைக்கு வேறு வழியே இல்லை, மறுத்தே ஆக வேண்டும். விண்ணப்பகாரருக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை, முந்தைய 12 மாதத்துக்குள் அவருடைய அனுமதி பறிக்கப்பட்டிருக்கிறது, ஆறு மாதமாவது நாட்டில் வசிக்கவில்லை என்பவை இந்த வகை. மற்றவை சபையின் தீர்மானத்துக்கு விடப்பட்டவை. ஆள் தகுதியற்றவர் என்று காணலாம். அல்லது ஆள் நல்லவர்தான், ஆனால் அனுமதி மறுக்கப்பட்ட இன்னொருவருக்குப் பினாமி என்று காணலாம். அந்தப் பகுதியில் ஏற்கெனவே போதிய அளவு உண்டு என்று சொல்லலாம். அந்தச் சுற்றாடலுக்குப் பொருந்தாது என்றும் சொல்லலாம்.

இதில் ஒரு வேடிக்கை. ‘போதிய அளவு’ எத்தனை என்பதைச் சபைதான் தீர்மானிக்கும், அது பூச்சியமாகவும் இருக்கலாம். பெல்ஃபாஸ்டில் அப்படித்தான் ஒரு பாலியல் கடைக்கு மறுத்தார்கள். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம், ஆனால் சாரம் ஒன்றே. வழக்கு மேலே மேலே போய், 2007 இல், அப்போது இங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, மாநகர சபையின் பக்கமே நின்றது.

இன்னொரு வேடிக்கை: 12 மாதத்தில் 11 தடவைக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மாதமாவது இடைவெளி விட்டு நடனம் நடத்தினால் இந்த அனுமதியே தேவையில்லை. எங்கள் வீதி விடுதிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பிறகு ‘விசேட இரவுகள்’ என்று சில நடத்தினார்கள். நான் நாட்காட்டியில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மான்குட்டி

ஈஸ்ட்ஹாம் தம்பி எண்ணினாரா, போய்ப் பார்த்து எண்ணினாரா என்பது இந்த இழைக்குத் தேவையான தகவல்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

வாசல் அறிவித்தலைப் பார்த்து. என் மனைவியும் இந்த இழையை வாசிக்கிறார்.

நிலாவெளி விடுதிக்காரன்

எல்லோரும் மூடுவது பற்றியே பேசுகிறீர்கள். நடத்துகிறவன் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வேண்டும்.

எனக்கு எட்டு அறை. சுற்றுலா அதிகார சபையில் பதிவு உண்டு, சபை அனுமதி உண்டு, மதுவரித் திணைக்கள அனுமதி இல்லை, ஆகவே மதுவும் இல்லை. வைகாசி முதல் புரட்டாதி வரைதான் எங்களுக்குச் சோறு. புறாத்தீவுக்குப் படகு ஓடும் மாதங்கள் அவை. சில வருடங்களுக்கு முன், நடுச் சீசனில், யாரோ கையொப்பமில்லாத கடிதம் ஒன்று அனுப்பியிருக்கிறார், என் விடுதியில் ‘வேறு தொழில்’ நடப்பதாக. ஓர் அதிகாரி வந்தார். விசாரணை முடியும் வரை மூடு என்றார். எழுத்தில் கேட்டேன், தரவில்லை. ஒன்பது நாள் மூடியிருந்தேன். பிறகு யாரும் வரவே இல்லை, நானே திறந்தேன். கடிதம் எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும், அவருக்கும் ஆறு அறை உண்டு.

கடலோரத்தான் அண்ணன் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் ‘புனிதத்துக்கு இழுக்கு’ என்ற ஒரு வரியில் ஒருவன் கடையை மூடலாம் என்றால், முதலில் மூடப்படுவது அந்த ஊதா விளக்கு அன்று. அவனுக்கு ஆள்பலம் இருக்கும். மூடப்படுவது என்னைப் போன்றவன் கடை.

பழைய எழுதுவினைஞர்

விடுதிக்காரத் தம்பி சொல்வதில் பொய் இல்லை. ஒன்றைச் சொல்கிறேன், எந்தச் சபை என்று கேட்க வேண்டாம். ஒருவர் தங்குவிடுதி அனுமதிக்கு விண்ணப்பித்தார். பரிசோதகரின் அறிக்கை சுத்தம். ஆனால் உறுப்பினர்கள் சிலருக்கு ஆளைப் பிடிக்காது. கூட்டக்குறிப்பில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரே சொல். ஏன் என்று எழுதச் செயலாளர் கேட்டபோது, “அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே” என்றார்கள். அந்த மனிதர் மேல் நீதிமன்றம் போனார். எங்கள் பக்கச் சட்டத்தரணி என்னிடம் கோப்பைக் கேட்டார். நான் கொடுத்த கோப்பில் அந்த ஒரே சொல்தான் இருந்தது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அனுமதி கொடுக்க வேண்டி வந்தது.

பிறகு அந்த விடுதி உண்மையிலேயே கெட்டுப்போனது. இரண்டு வருடம் கழித்து அதே சபை அதே விடுதியைப் பரிசோதித்து, விருந்தினர் பதிவேடு இல்லை, மலக்குழி நிரம்பி வழிகிறது என்று எழுத்தில் அறிவித்தல் கொடுத்து, முப்பது நாள் தவணை கொடுத்து, அதற்கும் திருந்தாததால் அடுத்த வருடத்துக்குப் புதுப்பிக்கவில்லை. அவர் நீதிமன்றம் போகவில்லை. போயிருந்தாலும் அந்தக் கோப்பு நின்றிருக்கும். ஒழுக்கத்தால் மூட முடியாத கடையை மலக்குழி மூடியது.

சட்டப்படிப்பு

நான் மூன்றாம் வருட மாணவன், தவறிருந்தால் கறுப்புக்கோட்டு அண்ணன் திருத்தவும். அமெரிக்க வழக்குகள் இதில் மிகச் சுவையானவை. அங்கே ஆடை குறைந்த நடனம்கூடக் கருத்து வெளிப்பாட்டுக்குள் ஓரளவு அடங்கும் என்பதால், நகர சபைகள் ‘அசிங்கம்’ என்று சொல்லித் தடுக்க முடியாது. ‘பக்க விளைவு’ என்று ஒரு கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். காட்சி எங்களுக்குப் பிரச்சினை இல்லை, அது வந்தால் சுற்றியுள்ள குற்றம், சத்தம், வீட்டு விலை வீழ்ச்சி ஆகியவைதான் பிரச்சினை என்பது வாதம். 1986 இல் ரென்டன் என்ற சிறு நகரத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. வீடு, தேவாலயம், பூங்கா, பாடசாலை ஆகியவற்றிலிருந்து 1,000 அடிக்குள் ஆபாசப் படத் திரையரங்கு கூடாது என்ற விதி நின்றது.

1990 இல் டாலஸ் நகரத்தின் வழக்கு. அனுமதி கேட்டவனைக் காலவரையின்றிக் காக்க வைப்பதும் மறுப்புத்தான் என்று அதில் நீதிமன்றம் கண்டது. குறித்த காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் விரைவாக நீதிமன்றம் போக வழி இருக்க வேண்டும். 2004 இல் லிட்டில்டன் நகர வழக்கில் இதைச் சற்றுத் தளர்த்தினார்கள். காரணங்கள் நேரடியாகச் சரிபார்க்கக்கூடியவையாக இருந்தால் சாதாரண நீதிமன்ற வழியே போதும் என்றார்கள். விண்ணப்பத்தில் பொய் சொன்னாரா, வயது போதுமா, முன்பு அனுமதி பறிக்கப்பட்டதா, வரி கட்டினாரா என்பவைதான் அங்கே கேள்விகள். எவருடைய இரசனையும் அங்கே தேவைப்படாது.

நிவ்யோர்க்கில் ஒரு புத்தகக்கடை வழக்கும் உண்டு, அதுவும் 1986. ஆபாசப் புத்தகம் விற்ற கடைக்குள் விபசாரம் நடந்தது. கடையைப் பொதுத் தொல்லை என்று மூடினார்கள். எங்கள் வெளிப்பாட்டு உரிமை என்றார் கடைக்காரர். உள்ளே நடந்த குற்றத்துக்காக மூடுகிறோம், புத்தகத்துக்காக அன்று என்றது நீதிமன்றம்.

கறுப்புக்கோட்டு

திருத்த ஒன்றும் இல்லை. பரீட்சையில் இவ்வளவு நீளமாக எழுதாதீர்கள், நேரம் காணாது.

இந்த வழக்குகள் நம்மைக் கட்டுப்படுத்தாது. நமக்கு அருகில் இருப்பது மும்பை. 2005 இல் மகாராஷ்டிரம் நடன மதுச்சாலைகளை மூடியது. ஆனால் நட்சத்திர ஹோட்டல்களுக்கு விலக்கு. அதாவது ஏழை பார்த்தால் ஆபாசம், பணக்காரன் பார்த்தால் கலை. மும்பை உயர் நீதிமன்றம் 2006 இல் தடையை இரத்துச் செய்தது, இந்திய உச்ச நீதிமன்றம் 2013 இல் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. (நம் நாட்டில் ‘உயர் நீதிமன்றம்’ என்றால் அதுதான் உச்சியில் இருப்பது. இரண்டு நாட்டுத் தீர்ப்பையும் ஒரே மனுவில் எழுதிக் குழம்பிப்போன கட்சிக்காரர் ஒருவர் எனக்கு உண்டு.) அரசு விடவில்லை. 2016 இல் புதுச் சட்டம் போட்டது. இம்முறை தடை என்ற சொல் இல்லை, அனுமதி என்ற சொல்தான். ஆனால் நிபந்தனைகள் எப்படி? கல்வி நிலையத்திலிருந்தும் வழிபாட்டிடத்திலிருந்தும் ஒரு கிலோமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். விண்ணப்பகாரர் ‘நல்லொழுக்கம்’ உடையவராக இருக்க வேண்டும். உள்ளே கண்காணிப்புக் கமெரா வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த மூன்றையும் வெட்டியது. நல்லொழுக்கம் என்றால் என்னவென்று சட்டத்தில் வரையறை இல்லை, கொடுப்பவர் மனம்போல வாசிக்கலாம் என்பது ஒரு காரணம். மாலை 6 மணி முதல் இரவு 11.30 வரை என்ற நேரக் கட்டுப்பாட்டை மட்டும் அப்படியே வைத்தார்கள். நேரத்தை மணிக்கூடு பார்த்துச் சொல்லிவிடலாமே.

நிலஅளவையாளன்

ஒரு கிலோமீற்றர் என்றதும் கை துறுதுறுத்தது. நம் நகர வரைபடத்தில் கவராயத்தை ஊன்றிப் பார்த்தேன்.

பத்திரகாளி அம்மன் கோயிலில் ஊன்றி ஒரு வட்டம். அது ஒன்றே 3.14 சதுர கிலோமீற்றர். கோணேசர் கோயிலில் இன்னொன்று, அதில் பாதிக்கு மேல் கடலில் விழுகிறது, மீன்கள் ஒழுக்கமாக இருக்கும். ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி, பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், விகாரைகள் என்று ஊன்றிக்கொண்டே போனால் நகரத்தில் பென்சில் படாத இடம் இல்லை. உவர்மலையில் தேநீர்க்கடைகூட வைக்க முடியாது போல ஆகிவிட்டது.

சட்டப்படிப்புத் தம்பி சொன்ன 1,000 அடி ஏறக்குறைய 305 மீற்றர். அந்த வட்டம் 0.3 சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. ரென்டன் தீர்ப்பைத் தேடி வாசித்தேன். எல்லா வட்டமும் போட்ட பிறகும் 520 ஏக்கர், அதாவது நகரத்தின் ஐந்து வீதத்துக்கு மேல், மிச்சம் இருந்தது என்று அதிலே உண்டு. அந்த மிச்சம்தான் விதியைக் காப்பாற்றியது. மும்பையில் மிச்சமே இல்லை.

இன்னொன்று. ‘தூரம்’ என்றால் எதிலிருந்து எது வரை? வாசலிலிருந்து வாசலா, மதிலிலிருந்து மதிலா, பறவை பறக்கும் கோடா, நடக்கும் வழியா? நம் கடலோரத்தில் உப்பாறு ஒன்று நடுவே வந்தால் நேர்கோட்டில் 200 மீற்றர், நடந்தால் இரண்டு கிலோமீற்றர். இதை எழுதாத விதி எல்லாம் எனக்கு வருமானம், சட்டத்தரணிக்கு அதைவிட வருமானம்.

கைமருந்து

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

நான் ஒரு ஹோட்டலில் உடற்பிடிப்புச் சிகிச்சை செய்பவள். ஆயுர்வேதம் முறையாகப் படித்தேன், சான்றிதழ் இருக்கிறது. ‘ஸ்பாவில் வேலை’ என்று சொன்னால் வீட்டுக்கு வந்த பெண் பார்க்கும் தரகர் தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார். ஆட்டோவில் ஏறி வேலை செய்யும் இடத்தின் பெயரைச் சொன்னால் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். இதற்குப் பாதிக் காரணம் கடலோரத்தான் அண்ணன் ஒழுங்கையில் உள்ளது போன்ற இடங்கள். மீதிப் பாதிக்குக் காரணம் இந்த இழையில் வந்தது போன்ற பேச்சு.

இதுவரை வந்த பதிவுகளில் புனிதம் வந்துவிட்டது, மலக்குழி வந்துவிட்டது, மீன்கள்கூட வந்துவிட்டன. உள்ளே வேலை செய்யும் பெண்கள் ஒருவர் பதிவிலும் வரவில்லை. சுற்றிவளைப்பு நடந்தால் மறுநாள் செய்தியில் யார் படம் வரும்? முதலாளியின் படமா? துணியால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பது அவர்கள்தான். அந்த வளவில் இருக்கும் பிள்ளைகள் எந்த ஊர், எப்படி வந்தார்கள், அடையாள அட்டை அவர்கள் கையில் இருக்கிறதா, முதலாளி மேசைக்குள் இருக்கிறதா? நாற்பத்தொரு பேரில் ஒருவராவது கேட்டீர்களா?

பெண்களைப் ‘பாதுகாக்க’ என்று வரும் விதிகளையும் நம்பிவிடாதீர்கள். பெண்களுக்கு மது விற்பதையும் மது விற்கும் இடங்களில் பெண்கள் வேலை செய்வதையும் கட்டுப்படுத்திய விதி 1979 இல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன மீளப்பெறச் சொன்னார். ஆண்கள் இருவர் ஒரு வாரத்துக்குள் நாட்டின் பெண்களுக்கெல்லாம் அனுமதி கொடுத்துப் பறித்தார்கள். எங்களிடம் காரணம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

கடலோரத்தான்

சகோதரி, எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். அவர்கள் அந்த வாசலைத் தாண்டித்தான் ரியூஷன் போகிறார்கள். நான் எழுதியது கோபத்தில். நீங்கள் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவில்லை என்பது உண்மை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், அல்லது அது முக்கியம் என்று நினைக்கவில்லை. போன மாதம் அதிகாலையில் நடக்கப் போனபோது பின்மதிலோரம் ஒரு பிள்ளை நின்று என் கைத்தொலைபேசியை ஒரு நிமிடம் கேட்டது. சிங்களத்தில் பேசியது. எனக்குச் சரியாக விளங்கவில்லை. நான் கொடுக்கவில்லை. வம்பு என்று நினைத்து வந்துவிட்டேன்.

கைமருந்து

அதுதான் உங்கள் மனுவின் முதல் பத்தி, அண்ணா.

கறுப்புக்கோட்டு

ஆம். ஆனால் அது சபை மனுவுக்கு உரியதன்று, பொலிஸ் பெண்கள், சிறுவர் பணியகத்துக்கு உரியது. தண்டனைச் சட்டக்கோவையில் ஆட்கடத்தல் தனிக்குற்றமாக 2006 இல் சேர்க்கப்பட்டது. திகதி, நேரம், கண்டது, கேட்டது என்று மட்டும் எழுதி நாளைக்கே கொடுங்கள். வேண்டுமென்றால் நான் கூட வருகிறேன். சபை மனுவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சபைக்குத் தனியாக எழுதுங்கள். அதற்கு முன் தகவல் அறியும் விண்ணப்பம் ஒன்று. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், சபை 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முகவரிக்கு எந்த அனுமதி, எந்தத் தொழிலுக்கு, எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது, பரிசோதனை அறிக்கை உண்டா, மதிலை உயர்த்தியதற்குக் கட்டட அனுமதி உண்டா என்று கேளுங்கள். அழகுக்கலை நிலையம் என்று பதிந்துவிட்டு அறை அறையாகப் பிரித்திருந்தால் அது ஒரு காரணம். அனுமதி இல்லாமல் மது பரிமாறினால் அது மதுவரித் திணைக்களத்துக்குக் காரணம். இரவுச் சத்தமும் போத்தலும் பொதுத் தொல்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவில் நீதவான் அதை அகற்றக் கட்டளையிடலாம். சபை தூங்கினாலும் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

சபை நடவடிக்கை எடுத்தாலும் அந்தக் குத்தகைக்காரருக்கு அறிவித்தல் கொடுத்து, அவர் பக்கத்தைக் கேட்டு, காரணத்தை எழுத வேண்டும். விடுதிக்காரத் தம்பிக்குக் கிடைக்காதது அதுதான். உங்களுக்குப் பிடிக்காதவருக்கும் அது கிடைத்தால்தான் மூடிய கதவு மூடியபடி இருக்கும். இல்லாவிட்டால் மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை வாங்கி, மாலைபோட்டு, பட்டாசு கொளுத்தித் திறப்பார்.

நிலாவெளி விடுதிக்காரன்

அந்த ஒன்பது நாளுக்கு நானும் இப்போது ஒரு விண்ணப்பம் போடலாமா?

கறுப்புக்கோட்டு

போடலாம். எந்தக் கட்டளையின் பேரில் மூடச் சொன்னார்கள் என்று கேளுங்கள். ‘அவ்வாறான ஆவணம் இல்லை’ என்று பதில் வரும். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோணமலை

நான் எழுதியதை நீக்க முடியவில்லை. விட்டுவிடுங்கள். கடலோரத்தான் அண்ணன், போத்தல் பொறுக்கும்போது திகதியுடன் படம் எடுத்து வையுங்கள். நானும் ஒருநாள் வருகிறேன்.

கடலோரத்தான்

பொலிஸ் முறைப்பாடு நேற்றுக் கொடுத்தாயிற்று. சட்டத்தரணி ஐயா வந்தார், சிங்களத்தில் அவர்தான் பேசினார். தகவல் விண்ணப்பத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கிவிட்டேன். சட்டம் போட்டு மாட்டலாம் போல இருக்கிறது.

சபைக்கான மனு ஒரு பக்கமாகச் சுருங்கிவிட்டது. பதினேழு நாள் குறிப்பு, நேரத்துடன். மதிலின் உயரம் நிலஅளவைத் தம்பி வெளியில் நின்றே அளந்து தந்தது. மூன்றாம் பத்தியில் “அங்கு பணிபுரியும் ஒழுக்கம் கெட்ட பெண்களால்” என்று பழைய மனுவிலிருந்து ஒரு வரி வந்து ஒட்டிக்கொண்டிருந்ததை இப்போதுதான் கண்டேன். சகோதரி கண்ணில் படுமுன் வெட்டிவிட்டேன்.

கைமருந்து

பட்டுவிட்டது. நன்றி அண்ணா. அந்தப் பிள்ளை பற்றி ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள்.

கடலோரத்தான்

காலையில் அந்தப் பக்கமாகத்தான் நடக்கிறேன். கைத்தொலைபேசியில் காசு போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் காணவில்லை.